'சத்தம் வருதில்லை' என்பது முறைப்பாடு அல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரலாம். ஆனால் இதில் முதல் அடி எங்களுக்குத்தான், ஆசிரியர்களுக்கு. அதனால் முழுதாக வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் கணினிக்கூடத்தில் 15 கணினிகள். ஒரு நன்கொடையாளர் தந்தவை. கணினிக்கு ஒன்றாக 15 ஹெட்போன்களும் வந்தன. ஜனவரியில் ரிபன் வெட்டினோம், பெனர் பிடித்தோம், படம் எடுத்தோம். மே மாதம் பார்த்தால் 7 கணினிகளில் ஒலிப் பிரச்சினை. ஜூனில் விற்ற நிறுவனத்துக்குக் கோல் எடுத்தோம். மறுமுனையில் இருந்த தம்பி மரியாதையாகவே கதைத்தார்.

"என்ன பிரச்சினை சேர்?"

"சத்தம் வருதில்லை."

"எல்லாத்திலயுமா?"

"ஏழெட்டில."

"என்ன மொடல் சேர்?"

"கறுப்புப் பெட்டி."

"சீரியல் இலக்கம்?"

"அது எங்க இருக்கும்?"

"ஹெட்போனை முன்பக்கமா குத்தியிருக்கிறீங்க, பின்பக்கமா? அதே ஹெட்போனை வேற எதிலயாவது போட்டுப் பார்த்தீங்களா?"

"இல்லை."

"பார்த்திட்டு எடுங்க சேர்."

போனை வைத்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து நாங்கள் சொன்னது என்ன தெரியுமா? "வன்னி என்றால் இவங்களுக்கு இளக்காரம். கொழும்புப் பாடசாலை என்றால் இப்படிச் சொல்லுவாங்களா?" எல்லோரும் தலையாட்டினோம். ஒருவரும் எழும்பிப் போய் ஒரு ஹெட்போனைக் கழற்றி இன்னொரு கணினியில் குத்திப் பார்க்கவில்லை. அதற்குப் பதிலாக, "கை வைத்தால் வொறண்டி போய்விடும்" என்று 15 ஹெட்போன்களையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினோம்.

ஓகஸ்டில் இரண்டாவது கோல். "பில்லின் படம் அனுப்புங்கள்" என்றார்கள். பில் எங்களிடம் இல்லை, நன்கொடையாளரிடம். அவரைப் பிடிக்கப் பல வாரம். பிறகு பரீட்சை, பிறகு விடுமுறை. நவம்பர் கடைசியில் பில்லோடு மூன்றாவது கோல். வொறண்டி முடிந்து 19 நாள் ஆகிவிட்டது என்றார்கள். நாங்கள் ரிபன் வெட்டிய நாளிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருந்தோம். வொறண்டியோ பில் போட்ட நாளிலிருந்தே ஓடியிருக்கிறது. பில் போட்டது முந்தைய வருடம் நவம்பரில்.

அதன் பிறகு எங்களிடம் படித்து இப்போது வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மாணவர் ஒரு பின்னேரம் வந்தார். ஸ்க்ரூ டிரைவர்கூட எடுக்கவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் கணக்கை முடித்தார்.

ஏழில் நான்கு: பழுதே இல்லை. அந்த நான்கு கணினிகளின் திரைகள் மட்டும் எச்.டி.எம்.ஐ. வயரில் கொழுவியிருந்தன. அந்த வயரில் படத்தோடு ஒலியும் போகும். விண்டோஸ் ஒலியைத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. திரையில் ஸ்பீக்கர் இல்லை. கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, ஒலி போகும் இடத்தை மாற்றினார். அவ்வளவுதான்.

ஏழில் இரண்டு: மைக் மட்டும் வேலை செய்யவில்லை. அந்த ஹெட்போன்களின் பிளக்கில் மூன்று கறுப்பு வளையம், அதாவது போனுக்கான பிளக். கணினியின் பின்பக்கத்தில் ஒலிக்குப் பச்சைத் துளை, மைக்குக்கு ரோஸ் துளை என்று வேறுவேறாக இருக்கின்றன. பச்சையில் குத்தினால் கேட்கும், பேச முடியாது. இரண்டாகப் பிரியும் ஒரு சிறிய வயர் வாங்கிப் போட்டால் தீர்ந்தது.

ஏழில் ஒன்று: உண்மையான பழுது. கணினிக்குள் இருக்கும் ஒலிப்பகுதியே செத்துவிட்டது. அந்த ஒன்றைத்தான் நிறுவனம் இலவசமாகத் திருத்தித் தந்திருக்க வேண்டும். 19 நாள் பிந்திவிட்டோம்.

அதாவது, யாரையும் கூப்பிடத் தேவையில்லாத ஆறு பிரச்சினைகளுக்காக நிறுவனத்தைத் திட்டினோம். கூப்பிட வேண்டிய ஒரே ஒரு பிரச்சினையில் உரிமையை இழந்தோம்.

"வெறும் சத்தம்தானே சேர், படம் தெரியுதுதானே" என்று அப்போது சொன்னவர்கள் எங்களுக்குள்ளும் இருந்தார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் பார்வை மிகக் குறைந்த ஒரு பிள்ளை படிக்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கணினியின் திரை ஒரு சுவர்தான். என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும். கண் தெரியாத இரண்டு அவுஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கல் கரனும் ஜேம்ஸ் டேயும், 2006இல் தொடங்கிய வேலை அது. தமிழிலும் வாசிக்கும். அது போடப்பட்டிருந்த கணினி அந்த நான்கில் ஒன்று. பழுதே இல்லாத கணினி! இன்னொரு கணினியில் போட்டுக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். ஹெட்போன்களைத்தான் பூட்டிவிட்டோமே. ஜூன் தொடக்கம் நவம்பர் வரை அந்தப் பிள்ளை கணினிப் பாடத்துக்கு வந்து சும்மா இருந்துவிட்டுப் போனது. ஒரு நாளும் குறை சொல்லவில்லை. அதுதான் எங்களை அதிகம் சுடுகிறது.

பார்வையுள்ள பிள்ளைகளுக்கும் சத்தம் சின்ன விடயம் அல்ல. ஆங்கிலத்தைக் கேட்காமல் ஆங்கிலம் பேச வராது. 2020இல் பாடசாலைகள் மூடியபோது பிள்ளைகளுக்கு ஆசிரியர் என்பது ஒரு குரல்தான். இன்றைக்கும் எத்தனை பிள்ளைகள் இரவில் ஸூமில் உயர்தர வகுப்பு எடுக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள் தஜ்வீத் ஓதுகிறார்கள். தொண்டையின் நடுவிலிருந்து வரும் 'ஹா'வுக்கும் சாதாரண 'ஹா'வுக்கும் உள்ள வித்தியாசம் கரகரக்கும் மைக்கில் உஸ்தாதுக்குக் கேட்குமா? பிள்ளை பிழையாகவே ஓதிப் பழகும்.

இனி நேராக விடயத்துக்கு வருகிறோம்.

'சத்தம் வருதில்லை' என்பது முறைப்பாடு அல்ல, அது ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்கு எந்த நிறுவனமும் பதில் சொல்ல வேண்டியதில்லை. "பார்த்திட்டு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகலாம், அதில் அவர்களுக்குப் பிழையும் இல்லை. எங்கே, எதில், எப்போதிருந்து, எதை மாற்றிப் பார்த்தோம், என்ன நடந்தது என்று சொன்னால்தான் அது முறைப்பாடு. அப்படிச் சொன்னவனைச் சும்மா அனுப்ப முடியாது. அதிகாரமும் ஆளறிமுகமும் இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள ஒரே பலம் அந்தத் தயாரிப்புத்தான். அதையும் நாங்களே கைவிடுகிறோம்.

இதைச் சொன்னால் நான்கு பதில்கள் வரும். நான்கையும் நாங்களே சொல்லியிருக்கிறோம்.

முதலாவது: "அது கம்பனியின் வேலை. காசு கொடுத்து வாங்கினால் நாங்கள் ஏன் சோதிக்க வேண்டும்?" நல்லது. வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். டொக்டர் கேட்கிறார்: எங்கே நோகுது, எத்தனை நாளாக, என்ன சாப்பிட்டீர்கள், முந்தி என்ன மருந்து எடுத்தீர்கள். "அது உங்க வேலை, நீங்களே கண்டுபிடிங்க" என்று சொல்வோமா? கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி, மழை படாமல் கொண்டுபோகிற எங்கள் உம்மாமாருக்குத் தெரிந்தது, பட்டம் பெற்ற எங்களுக்குத் தெரியவில்லை. நோயை மாற்றுவது டொக்டரின் வேலை. எங்கே நோகிறது என்று சொல்வது எங்கள் வேலை.

இரண்டாவது: "அவங்கள் சிங்களத்தில, இங்கிலீசில கதைப்பாங்கள்." இது உண்மையான வேதனை, இதை நாங்கள் சிறிதாக்கவில்லை. 1956இல் தனிச்சிங்களம் வந்தது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் வந்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் வந்தது. ஆனால் இவை கட்டுப்படுத்துவது அரச நிறுவனங்களை. கணினி விற்கும் தனியார் கம்பனிக்குத் தமிழில் பதில் சொல்லும் கட்டாயத்தை இவை போடவில்லை. அங்கே கேட்டால்தான் கிடைக்கும். கோல் எடுத்ததும் தமிழுக்குரிய எண்ணை அழுத்துங்கள். எண் இல்லாவிட்டால் "தமிழில் கதைக்கிற ஒருவரைத் தாருங்கள்" என்று கேளுங்கள். நாங்கள் ஒருவரும் தமிழை அழுத்தாமல் கஷ்டப்பட்டு ஆங்கிலத்தை அழுத்தினால், தமிழில் ஒருவரை வேலைக்கு வைக்கத் தேவையில்லை என்றுதான் அவர்களின் கணக்குக் காட்டும். இன்னொன்று, மொழி தெரியாதவனுக்குத்தான் தயாரிப்பு மிகவும் தேவை. சீரியல் இலக்கத்துக்குச் சிங்களமும் இல்லை, தமிழும் இல்லை. படத்துக்கும் வீடியோவுக்கும் மொழி இல்லை.

மூன்றாவது: "எங்கட பொடியன் ஒருத்தன் இருக்கிறான், கழற்றிப் பார்த்துத் தருவான்." அந்தப் பொடியன்மாரை நாங்கள் மதிக்கிறோம். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சின்னக் கடை போட்டு, உதிரிப்பாகம் இல்லாத காலத்திலும் இந்த மாவட்டங்களின் கணினிகளை ஓட வைத்தவர்கள் அவர்கள். வொறண்டி முடிந்த கணினிக்கு அவர்கள்தான் முதல் ஆள். ஆனால் வொறண்டி உள்ள கணினியின் ஸ்டிக்கரைக் கிழித்து, பெட்டியைத் திறந்து, சரிவராமல் பிறகு கம்பனிக்குக் கோல் எடுத்தால், "வெளியாள் திறந்திருக்கிறார்" என்ற ஒரே வரியோடு கதை முடியும். வொறண்டி இருக்கும்வரை வெளியிலிருந்து சோதியுங்கள். உள்ளே போகாதீர்கள்.

நான்காவது: "எங்களுக்கெல்லாம் எங்க பதில் சொல்லப் போறாங்கள்." இதுதான் எல்லாவற்றிலும் மோசம். பணிவு மாதிரித் தெரியும், உண்மையில் சோம்பல். கேட்காமலே தோற்றுவிட்டு, தோற்றதற்குக் காரணமும் ஆயத்தமாக வைத்திருப்பது. நாங்கள் ஆசிரியர் அறையில் செய்தது இதைத்தான்.

சரி, என்ன செய்வது? இப்போது எங்கள் கணினிக்கூடச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். போனைத் தொடுவதற்கு முன் இதை முடிக்க வேண்டும்.

1. சின்னவற்றை முதலில் பாருங்கள். பிளக் முழுதாக உள்ளே போயிருக்கிறதா? பச்சைத் துளையிலா? ஹெட்போன் வயரிலேயே ஒலிக்கட்டை இருந்தால் அது குறைந்திருக்கிறதா? திரையில் ஸ்பீக்கர் படத்தில் வெட்டுக்குறி இருக்கிறதா? ஒலி எங்கே போகிறது: ஹெட்போனுக்கா, திரைக்கா, யாரோ எப்போதோ கொழுவிய புளூடூத்துக்கா? இந்த இடத்திலேயே பாதிப் பேரின் கதை முடிந்துவிடும்.

2. மாற்றிப் பாருங்கள். அதே ஹெட்போனைப் போனில் குத்துங்கள். கேட்டால் ஹெட்போன் நல்லது. நல்லதென்று தெரிந்த ஹெட்போனைக் கணினியில் குத்துங்கள். கேட்காவிட்டால் பிழை கணினிப் பக்கம். முன்துளையில் கேட்காமல் பின்துளையில் கேட்டால், முன்துளைக்குப் போகும் உள்வயர் கழன்றிருக்கலாம். யூ.எஸ்.பி. ஹெட்போன் ஒன்று இரவல் கிடைத்தால் அதையும் போடுங்கள். அதற்குள்ளேயே தனி ஒலிப்பகுதி இருக்கிறது. அதில் கேட்டு மற்றதில் கேட்காவிட்டால் சந்தேகம் கணினியின் ஒலிப்பகுதி மீதும் அதன் ட்ரைவர் மீதும் வந்து நிற்கும்.

3. ட்ரைவரா, பாகமா என்று பிரியுங்கள். விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்து ஒலிக்குரிய வரியைப் பாருங்கள். மஞ்சள் குறி இருந்தால் இரண்டு தரம் அழுத்துங்கள். ஒரு கோட் இலக்கம் வரும். 28 என்றால் ட்ரைவர் போடப்படவில்லை. 10 என்றால் கருவி தொடங்க மறுக்கிறது. அந்த இலக்கத்தை எழுதுங்கள். தெரிந்த மாணவர் யாராவது உபுண்டு போட்ட பென் டிரைவ் வைத்திருந்தால், எதையும் அழிக்காமல் அதிலிருந்தே கணினியைத் தொடக்கி ஒலியைச் சோதிக்கலாம். அங்கே கேட்டால் பாகம் நல்லது, பிழை விண்டோஸ் பக்கம்.

4. கணினியின் அடையாளத்தை எழுதுங்கள். மொடல், சீரியல் இலக்கம்: பெட்டியின் பின்னால் அல்லது பக்கத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும், படம் எடுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்று அடித்தால் கணினியின் முழு விபரமும் வரும். ஒலி பற்றித் தனிப் பக்கமே இருக்கிறது. அதைக் கோப்பாகச் சேமித்து அனுப்பலாம். எந்த விண்டோஸ் என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கு மைக்ரோசொப்ட் வழமையாகக் கொடுத்துவந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. கேள்வி அங்கேயும் வரும்.

5. எப்போதிருந்து, அதற்கு முதல் என்ன நடந்தது? புதுத் திரை கொழுவினீர்களா? விண்டோஸ் தானாக அப்டேட் ஆனதா? இடி மின்னலா? ஒக்டோபர், நவம்பரில் வன்னியில் இடி எப்படி விழும் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரண்ட் போய்ப் போய் வந்ததா? 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் எத்தனை கருவிகள் போயின! இதில் உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை தண்ணீர் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மறைத்து வாங்கும் வொறண்டி ஹலாலான வொறண்டி அல்ல.

6. வீடியோ எடுங்கள். கரகரப்பு, இரைச்சல், விட்டு விட்டுக் கேட்பது, இவற்றைச் சொல்லால் விளக்க முடியாது. அரை நிமிட வீடியோ போதும்.

7. பில், வொறண்டி அட்டை. யார் பெயரில், எந்தத் திகதி. படம் எடுத்து இரண்டு பேரின் போனிலாவது வையுங்கள்.

8. கோல் எடுக்கும்போது கணினிக்கு முன்னால் இருங்கள், அதிபர் அறையில் அல்ல. அவர்கள் சொல்வதை அங்கேயே செய்து பார்க்க வேண்டும். கதைத்தவரின் பெயர், திகதி, நேரம், முறைப்பாட்டு இலக்கம் எழுதுங்கள். இலக்கம் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். கோல் முடிந்ததும் கதைத்ததை வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இரண்டு வரியில் அனுப்புங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

9. கணினியைக் கொடுத்தனுப்ப வேண்டி வந்தால், பிள்ளைகளின் புள்ளிப்பட்டியல்களையும் படங்களையும் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இணையத்தில் தேடி முதலில் வரும் எண்ணுக்குக் கோல் எடுக்காதீர்கள். பில்லிலும் பெட்டியிலும் உள்ள எண்ணுக்கே எடுங்கள். "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையில் வந்தால் அது கள்ளன். தங்களுடைய பிழைச்செய்திகளில் ஒருபோதும் தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசொப்ட் நிறுவனமே சொல்கிறது. ஒலிப் பிரச்சினைக்கு உங்கள் வங்கி விபரமும் போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கமும் யாருக்கும் தேவைப்படாது.

இவ்வளவு சொன்னதும் கம்பனிக்காரர் சந்தோசப்பட வேண்டாம். அடுத்தது உங்களுக்குத்தான்.

நாங்கள் தயாராக வருவது உங்கள் கடமையைக் குறைக்காது. சோதித்துவிட்டோம், எழுதிவிட்டோம், படமும் அனுப்பிவிட்டோம் என்ற பிறகும் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று முதலிலிருந்து தொடங்குவது அவமதிப்பு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விற்கத் தெரிந்த உங்களுக்கு, வொறண்டி அட்டையைத் தமிழிலும் அச்சடிக்கத் தெரியாதா? முல்லைத்தீவிலிருந்து ஒரு கணினியைக் கொழும்புக்குக் கொண்டுவரச் சொல்வது எத்தனை மணித்தியாலப் பயணம், எத்தனை நாள் சம்பளம் என்று நினைத்துப் பார்த்தீர்களா?

இந்த நாட்டில் இதற்குச் சட்டம் இருக்கிறது என்பதையும் எங்கள் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம். கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லாத பொருளைப் பற்றி அதிகாரசபையிடம் முறையிடலாம். ஆனால் எழுத்தில் முறையிட வேண்டும், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். அந்த மூன்று மாதத்தைக் கவனியுங்கள். பெட்டியைப் பிரிக்காமல் களஞ்சியத்தில் வைத்து, பிரதம விருந்தினருக்குத் திகதி கிடைக்கும்வரை காத்திருக்கும் ஒவ்வொரு பாடசாலையும் அந்த மூன்று மாதத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

அடுத்தது நன்கொடையாளர்களுக்கு. உங்கள் மனம் பெரியது, அல்லாஹ் கூலி தருவானாக. ஆனால் கணினியைத் தந்துவிட்டு பில்லைக் கொண்டுபோனால், நீங்கள் தந்தது ஒரு வருடப் பொருள். பழுது வந்த நாளில் அது எங்களுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. பில்லைப் பாடசாலையின் பெயரில் போடுங்கள். வொறண்டி ஒப்படைத்த நாளிலிருந்து தொடங்கும் என்று வாங்கும்போதே பேசி எழுதி வாங்குங்கள். பெனருக்குச் செலவழிப்பதில் கொஞ்சம் குறைத்து ஒரு கோவை தாருங்கள். அதற்குள் பில், அட்டை, சீரியல் இலக்கங்கள், கோல் எடுக்கும் எண் இருக்கட்டும். படம் எடுக்கும்போது அந்தக் கோவையையும் கையில் பிடித்துக்கொண்டு எடுப்போம்.

பேப்பரின் பெறுமதியை வன்னிக்கு யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, வருடங்கள் கழித்துத் திரும்பி வந்து, "உறுதி எங்கே?" என்ற கேள்விக்கு முன்னால் நின்ற முஸ்லிம் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நந்திக்கடலைக் கடந்து, பிறப்புச் சான்றிதழுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் அலைந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. பேப்பர் இல்லாதவனின் உண்மை கந்தோர் மேசையில் செல்லாது என்று பட்டுத் தெரிந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு எடுத்துவர முடியாமல் விட்டோம். இன்றைக்கு அலுமாரியும் இருக்கிறது, போனில் கமராவும் இருக்கிறது. இன்னும் பில்லைத் தொலைத்தால் அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

முஸ்லிம்களுக்கு இன்னும் ஒன்று. குர்ஆனின் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேளுங்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதென்று எழுதச் சலிக்க வேண்டாம் என்பதும் அதில் இருக்கிறது. அந்த வசனத்தை அழகாக ஓதுகிற நாங்கள், பள்ளிவாசலுக்கு வாங்கிய ஒலிபெருக்கியின் பில்லை எங்கே வைத்தோம் என்று தெரியாமல் நிற்கிறோம்.

கடைசியாக, இது ஆசிரியர்களால் மட்டும் முடிகிற வேலை அல்ல. எங்கள் கணினிக்கூடத்தில் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு பக்கம். எழுதுவது தரம் 9 பிள்ளைகள். "கணினி 6, திங்கள், இடது காதில் மட்டும் கேட்கிறது, வேறு ஹெட்போன் போட்டால் இரண்டிலும் கேட்கிறது." இதை எழுதிய பிள்ளைக்கு வயது 14. ஜூன் மாதம் போனில் எங்களால் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளை ஒரு வரியில் எழுதியிருக்கிறது.

உதவிக்கும் ஆள் தூரத்தில் இல்லை. வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் எங்கள் பிள்ளைகள், எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். தவணைக்கு ஒரு சனிக்கிழமை கேட்டால் வரமாட்டார்களா? எங்கள் மாணவர் ஒரு பிளேன்ரீயோடு ஆறு கணினிகளைச் சரியாக்கிவிட்டுப் போனார். நாங்கள் கேட்கத்தான் ஆறு மாதம் எடுத்தோம்.

ஆகவே பெற்றோரே, பழைய மாணவர்களே, பள்ளி நிர்வாகிகளே, கோயில் நிர்வாகிகளே, இந்தக் கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில், பாடசாலையில், வணக்கத்தலத்தில் இருக்கும் கணினி, ஸ்பீக்கர், மைக், எல்லாவற்றின் பில்லையும் தேடி எடுத்துப் படம் பிடியுங்கள். வொறண்டி முடியும் திகதியைப் போனில் குறித்து வையுங்கள். முடிவதற்கு ஒரு மாதம் முதல் எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுக் கேட்டுப் பாருங்கள். பழுது இருந்தால் அன்றைக்கே எழுதி, அன்றைக்கே கோல் எடுங்கள்.

அந்தப் பிள்ளை டிசம்பரிலிருந்து மறுபடி ஹெட்போன் போட்டுக்கொண்டு கணினிக்கு முன்னால் இருக்கிறது. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லை சேர், இப்ப கேட்குது" என்றது. எங்களுக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

பிழையாகச் சொல்லியிருந்தால் திருத்துங்கள்.